பீங்கான் கிரவுன்: பொருளைக் கேட்கிறோம், விளிம்பைக் கேட்பதில்லை

"ஜிர்கோனியா போடவா, இமேக்ஸ் போடவா?" வேர்சிகிச்சை முடிந்து கிரவுன், அதாவது செதுக்கிய பல்லை மூடும் தொப்பி, பற்றிய பேச்சு வந்ததும் பெரும்பாலோர் கேட்பது இதைத்தான். அடுத்தது விலை. அதற்கும் அடுத்தது, சிங்கப்பூரிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவில் போட்டுக்கொண்டால் என்ன என்ற யோசனை. மூன்றும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் ஒரு கிரவுன் பதினைந்து வருடம் உழைக்குமா, இரண்டே வருடத்தில் கழன்று கையோடு வந்துவிடுமா என்பதை இவை பெரிதாகத் தீர்மானிப்பதில்லை. பல்லை எந்த வடிவத்தில் செதுக்கினார்கள், கிரவுன் பல்லோடு சேரும் விளிம்பு எங்கே நிற்கிறது, ஒட்டுகிற நேரத்தில் பரப்பு சுத்தமாக இருந்ததா என்பவைதாம் தீர்மானிக்கின்றன. இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

பீங்கானின் குணம் அப்படி. அமுக்கினால் மலைபோல் தாங்கும். வளைத்தாலோ இழுத்தாலோ தாங்காது. தங்கத்தில் செய்த கிரவுன் சுமை கூடினால் கொஞ்சம் நெளிந்துகொடுக்கும். பீங்கானுக்கு நெளியத் தெரியாது. பரப்பில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் சுமை ஏற ஏற நீண்டு, ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது சட்டென்று இரண்டாகும். முறுக்கு பழி சுமக்கும். விரிசல் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும்.

வாய்க்குள் போகும் பீங்கான்களில் மூன்று குடும்பங்கள் முக்கியமானவை. பழைய ஃபெல்ட்ஸ்பார் பீங்கான் அழகில் இன்றும் முதலிடம். ஆனால் அதன் வளைவு வலிமை, அதாவது வளைத்தால் உடையாமல் தாங்கும் அளவு, 100 மெகாபாஸ்கல் அளவில்தான் நிற்கும். லித்தியம் டைசிலிகேட் 400 முதல் 500 வரை போகும். இமேக்ஸ் என்பது ஐவோக்ளார் நிறுவனம் இந்தப் பொருளுக்கு வைத்திருக்கும் வணிகப் பெயர். மூன்றாவது ஜிர்கோனியா. இதில்தான் குழப்பமே. ஜிர்கோனியா என்று ஒரே பொருள் கிடையாது. இட்ரியா என்ற ஆக்சைடு 3 மோல் சதவீதம் கலந்தது 1000 மெகாபாஸ்கலைத் தாண்டும், ஆனால் ஒளி புகாத வெள்ளை. 5 மோல் சதவீதம் கலந்தது பல்லைப் போல ஒளியை உள்ளே விடும், ஆனால் வலிமை 500 முதல் 700க்கு இறங்கிவிடும். "உடையவே உடையாது" என்று விளம்பரத்தில் சொல்வது முதல் வகையை. முன்பல் படத்தைக் காட்டி மயக்குவது இரண்டாம் வகையை. ஒரே பெயரில் இரண்டு சரக்கு.

முதல் வகைக்கு அந்த வலிமை எங்கிருந்து வருகிறது என்பதை 1975இல் ஆஸ்திரேலியாவில் ரான் கார்வியும் சக ஆய்வாளர்களும் விளக்கினார்கள். விரிசலின் நுனி வந்து தொட்டதும் அங்கிருக்கும் ஜிர்கோனியா படிகங்கள் டெட்ராகோனல் அமைப்பிலிருந்து மோனோகிளினிக் அமைப்புக்கு மாறி, ஏறக்குறைய 4 சதவீதம் பருக்கின்றன. பருத்த படிகம் விரிசலை இருபக்கமும் நெருக்கி நிறுத்திவிடுகிறது. இட்ரியா கூடக் கூட, இப்படி மாறத் தெரியாத கனசதுரப் படிகங்கள் அதிகமாகின்றன. அழகு கூடுவதும் வலிமை குறைவதும் அந்த ஒரே காரணத்தால்தான்.

இனி பல்லைச் செதுக்கும் வேலை. கடைவாய்ப்பல்லில் லித்தியம் டைசிலிகேட் கிரவுன் போட மேற்பரப்பில் 1.5 மி.மீ. இடம் வேண்டும், சுற்றிலும் 1 மி.மீ. 3 மோல் ஜிர்கோனியாவுக்கு 0.6 மி.மீ. போதும் என்று தயாரிப்பாளர்கள் சொன்னாலும், கவனமான மருத்துவர்கள் 1 மி.மீ. விடுவார்கள். கடி சரிசெய்யும்போது கொஞ்சம் தேய்க்க வேண்டி வரும் என்று அவர்களுக்குத் தெரியும். பல்லை மிச்சம் பிடிக்கிறேன் என்று மேல்பக்கம் இடம் குறைவாக விட்டால் அந்தப் பற்றாக்குறையைக் கடைசியில் பீங்கான்தான் சுமக்கும்: கிரவுன் உயர்ந்து நிற்கும், மருத்துவர் தேய்ப்பார், 1.5 இருக்க வேண்டிய இடத்தில் 0.8 மிஞ்சும்.

மறுபக்கம், அதிகம் செதுக்கினாலும் சிக்கல். கடைவாய்ப்பல்லின் செதுக்கிய அடிக்கட்டை 4 மி.மீ. உயரமாவது இருக்க வேண்டும். பக்கச்சுவர்கள் லேசாக மட்டுமே சாய்ந்திருக்க வேண்டும். குட்டையான, கூம்பிய அடிக்கட்டையில் எந்தக் கிரவுனும் நிலைக்காது. இட்லி போன்ற மெதுவானதைத் தின்றாலும் கழன்று வரும். வேர்சிகிச்சை செய்த பல்லாக இருந்தால் ஈறுக்கு மேலே சுற்றிலும் 1.5 முதல் 2 மி.மீ. உயரத்துக்குச் சொந்தப் பல் மிச்சமிருக்க வேண்டும். அந்த வளையம் இல்லாமல் வேருக்குள் போஸ்ட் என்ற கம்பியை வைத்து, அதன்மேல் கிரவுன் கட்டுவது கடனை வாங்கிக் கடனை அடைப்பது மாதிரிதான். கடைசியில் வேரே பிளக்கும்.

வடிவத்தில் இன்னொரு விஷயம் உண்டு, இது இயந்திரம் வந்த பிறகு முக்கியமானது. செதுக்கிய பல்லில் கூரான முனை எதுவும் இருக்கக் கூடாது. கிரவுனின் உட்புறத்தைக் குடையும் இயந்திரத்தின் முனை 1 மி.மீ. அல்லது 0.6 மி.மீ. தடிமன் கொண்டது. அதைவிடக் கூரான மூலையை அதனால் உள்ளே வடிக்க முடியாது. அதனால் மென்பொருள் அந்த இடத்தில் தேவைக்கு மேல் குடைந்துவிடும். விளைவு, கிரவுன் அங்கே மெலிந்துபோகும், உள்ளே வெற்றிடம் விழும். கூர்முனை இருக்கும் இடம்தான் இழுவிசை குவியும் இடமும்கூட. எனவே விளிம்பு சேம்ஃபர் என்ற வளைந்த சரிவு வடிவத்திலோ உருண்ட தோள் வடிவத்திலோ இருக்க வேண்டும். உள்மூலைகளெல்லாம் மழுங்கியிருக்க வேண்டும். செதுக்கும்போது தண்ணீர்ப் பீச்சல் இடைவிடாமல் ஓட வேண்டும். உயிருள்ள பல்லாக இருந்தால் உள்ளே வெப்பம் ஏறி நரம்பு செத்துப்போகும் ஆபத்து உண்டு.

நிறம் பார்ப்பது செதுக்குவதற்கு முன்பு. இந்த வரிசையை மாற்றினால் கண்டிப்பாகத் தப்பாகும். வாயை அரைமணி நேரம் திறந்து வைத்திருந்தால் பல் உலர்ந்து, உள்ளதைவிட வெள்ளையாகத் தெரியும். அந்த நேரத்தில் ஷேட் எடுத்தால் கிரவுன் மட்டும் வெளுத்துப்போய் வந்து சேரும். வீட்டா கிளாசிக்கல் என்ற நிற அட்டையில் ஏ1 முதல் டி4 வரை 16 நிறங்கள். 5500 கெல்வின் அளவிலான, பகல் போன்ற வெளிச்சத்தில் ஐந்து விநாடி பார்த்துவிட்டுக் கண்ணை நகர்த்த வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் ஏமாறும். லிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட வேண்டும். ஷேட் அட்டைத் துண்டைப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்துப் படமெடுத்து அனுப்பினால் கிரவுன் செய்யும் லேப்பில் இருப்பவர் வாழ்த்துவார். செதுக்கி முடித்ததும் அடிக்கட்டையின் நிறத்தையும் படமெடுக்க வேண்டும். வேர்சிகிச்சையில் கறுத்துப்போன பல்மேல் ஒளி ஊடுருவும் பீங்கானைப் போட்டால் சாம்பல் நிழல் தட்டும். அங்கே ஒளி மறைக்கும் வகைதான் சரி.

கல்யாணம் நெருங்கும்போது "இருப்பதிலேயே வெள்ளை" என்று கேட்பவர்கள் அதிகம். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் பல் இயல்பாகவே எடுப்பாகத் தெரியும் என்பதை மறந்துவிடுகிறோம். பல்லை வெளுக்கும் எண்ணம் இருந்தால் கிரவுனுக்கு முன்பே செய்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து நிறம் எடுப்பது நல்லது. பீங்கான் வெளுக்காது. வெளுத்த கையோடு ஒட்டினால் பசையும் சரியாகப் பிடிக்காது.

அடுத்து அளவெடுப்பது. சிலிகான் பசையில் எடுத்தாலும் ஸ்கேனரில் எடுத்தாலும் சிக்கல் ஒன்றே: விளிம்பு தெரிய வேண்டும். ஈறுக்குக் கீழே இருக்கும் விளிம்பைக் காட்ட ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய நூலைச் செருகி ஒதுக்குவார்கள். முதலில் மிக நைசான 000 நூல், அதன்மேல் இன்னொன்று. மேல் நூலை உருவிய அடுத்த நொடியே அளவு எடுத்தாக வேண்டும். ரத்தம் கசிந்தால் அலுமினியம் குளோரைடு. ஸ்கேனருக்கு ஊடுருவிப் பார்க்கும் சக்தி கிடையாது. எச்சில் திட்டைப் பல் என்றே பதிவு செய்துவிடும். சிலிகானுக்கு வேறொரு தலைவலி: லேடெக்ஸ் கையுறையிலிருக்கும் கந்தகம் பட்டால் அந்த இடம் மட்டும் இறுகாமல் பிசுபிசுவென்று இருக்கும். ஈறு வீங்கியிருந்தால் தற்காலிகக் கிரவுனைப் போட்டு அனுப்பிவிட்டு, இரண்டு வாரம் கழித்து அளவெடுப்பதே முறை. ஒரே பயணத்தில் எல்லாம் முடிய வேண்டும் என்று வருபவர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம்.

தற்காலிகக் கிரவுனை யாரும் மதிப்பதில்லை. அது விழுந்தால் "பரவாயில்லை, அடுத்த வாரம்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வாரத்தில் பக்கத்துப் பல் நகரும், எதிர்ப்பல் இறங்கும். நிரந்தரக் கிரவுன் வரும்போது உள்ளே போகாது. போனாலும் உயர்ந்து நிற்கும். விழுந்தால் அன்றே போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். தற்காலிகப் பசை யூஜெனால் இல்லாததாக இருப்பதும் முக்கியம். யூஜெனால் என்பது கிராம்புத் தைலத்தில் இருப்பது. பின்னால் நிரந்தரக் கிரவுனை ஒட்டும் ரெசின் (பிளாஸ்டிக் வகை) பசை சரியாக இறுகுவதை அது கெடுக்கும்.

லேப்பில் முதல் வேலை விளிம்பைக் குறிப்பது. திரையில் பல்லின் உருவத்தைப் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக விளிம்பைச் சுற்றி வருவார் டெக்னீஷியன். கோடு மங்கலாகும் இடத்தில் அவர் ஊகிக்க வேண்டியிருக்கும். அந்த ஊகம்தான் பிற்பாடு வாயில் இடைவெளியாக உட்காரும். நல்ல லேப் ஊகிக்காது; திருப்பி அனுப்பும், அளவை மறுபடி எடுக்கச் சொல்லும். பசைக்காக உள்ளே 50 முதல் 80 மைக்ரான் இடைவெளி விடுவார்கள், விளிம்பை ஒட்டி அதைவிடக் குறைவாக. விளிம்பில் 120 மைக்ரான் வரை இடைவெளி ஏற்கலாம் என்று 1971இல் மெக்லீனும் ஃபான் ஃபிரான்ஹோஃபரும் சொன்ன அளவைத்தான் இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஒரு தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய இரண்டு முடி.

ஜிர்கோனியா கடைசல் இயந்திரத்துக்கு வருவது 98 மி.மீ. விட்டமுள்ள வெள்ளை வட்டாக. அரைகுறையாகச் சுட்ட நிலையில் இருப்பதால் நகம் பட்டாலே கீறும், எளிதாகக் குடையலாம். சுடும்போது நீளவாக்கில் சுமார் 20 சதவீதம் சுருங்கும், அதாவது கன அளவில் கிட்டத்தட்ட பாதி. எனவே கிரவுனை முன்கூட்டியே பெரிதாக்கிக் குடைவார்கள். எவ்வளவு பெரிதாக்குவது என்ற எண் ஒவ்வொரு வட்டின் மீதும் அச்சிட்டிருக்கும், ஏனென்றால் ஒரு தொகுப்பு இன்னொரு தொகுப்பைப்போல் சுருங்காது. பழைய வட்டின் எண் மென்பொருளில் மாறாமல் நின்றுவிட்டால் அன்று குடைந்த அத்தனையும் ஒன்று இறுகும், இல்லை ஆடும். பிறகு 1450 முதல் 1550 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி இறக்கும் சூளை. வழக்கமான சுழற்சி ஏறக்குறைய ஓர் இரவு. நிறச்சாயத்தில் நனைத்த அல்லது நீர்விட்டுக் குடைந்த கிரவுனை நன்றாக உலர்த்தாமல் சூளையில் வைத்தால் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி விரிசல் விழும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் மேசைமேல் வைத்து "காய்ந்துவிட்டது" என்று நம்பக் கூடாது. விளக்குக்கு அடியில் உலர்த்த வேண்டும்.

லித்தியம் டைசிலிகேட் வேறு வழி. குடையும் கட்டி நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில் வரும். அப்போது அது லித்தியம் மெட்டாசிலிகேட், வலிமை சுமார் 130 மெகாபாஸ்கல்தான். குடைந்தபின் 840-850 டிகிரியில் சுட்டால் நீலம் போய்ப் பல் நிறம் வரும். படிகங்கள் வளர்ந்து வலிமையும் ஏறும். சுருக்கம் அற்பம். இன்னொரு முறை மெழுகு வார்ப்பு: மெழுகில் பல் வடித்து, அச்சுப்பொருளில் மூடி, 850 டிகிரியில் மெழுகை எரித்துவிட்டு, சுமார் 920 டிகிரியில் இளகிய பீங்கானை அந்தக் குழிக்குள் அழுத்துவது. வேலை நேரம் கூடுதல், ஆனால் மெல்லிய விளிம்பு இதில் சிதறாமல் வரும்.

ஜிர்கோனியாவின் மேல் பீங்கான் தூளை அடுக்கிச் சுட்டு அழகு சேர்ப்பதும் உண்டு. அங்கே மேலடுக்கு பெயர்வதுதான் பிரபலமான கோளாறு. ஜிர்கோனியா வெப்பத்தைக் கடத்துவதில் சோம்பேறி. சூளையிலிருந்து வேகமாக வெளியே எடுத்தால் மேலடுக்குக் குளிர்ந்துவிடும், உள்ளே இன்னும் கொதிக்கும். அந்த அழுத்தம் உள்ளேயே தங்கி, பிறகு ஒருநாள் சில்லாகப் பெயரும். மெதுவாகக் குளிரவைத்தால் பெரும்பாலும் தப்பலாம். கடைவாய்ப்பல்லுக்கு மேலடுக்கே வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒரே பொருளில் குடைந்து மெருகேற்றியதே போதும்.

பல் இல்லாத இடத்தைப் பாலம் போட்டு நிரப்பினால் கணக்கு இன்னும் கறாராகும். இரண்டு பல்லை இணைக்கும் கழுத்தின் குறுக்குவெட்டு, ஜிர்கோனியாவில் கடைவாய்ப் பகுதியில் குறைந்தது 9 சதுர மி.மீ.; லித்தியம் டைசிலிகேட்டில் 16. அதனால்தான் பின்னதை இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் பாலமாகப் போடுவதில்லை. கழுத்தின் அகலத்தைவிட உயரமே முக்கியம். உயரம் கொஞ்சம் குறைந்தாலும் விறைப்பு மளமளவென்று சரியும்.

பொருத்தும் நாளில் வரிசை மாறக் கூடாது. முதலில் பக்கத்துப் பற்களோடு உள்ள தொடர்பு. ஃபிளாஸ் நூல் சற்றே இறுக்கமாக, 'டிக்' என்று போக வேண்டும். பக்கவாட்டில் இறுகியிருந்தால் கிரவுன் முழுதாக உட்காராது, விளிம்பும் கடியும் தப்பாகத் தெரியும். பக்கவாட்டில் தளர்வாக இருந்தால் சோற்றுப் பருக்கை அடையும், ஈறு வீங்கும். அப்படிப்பட்டதை லேப்புக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், ஒட்டிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டாவது விளிம்பு: கூர்முனையால் வருடிப் பார்ப்பது, தேவைப்பட்டால் எக்ஸ்ரே. மூன்றாவது கடி. 8 மைக்ரான் உலோகத் தாளைப் பக்கத்துப் பல்லின் மேல் வைத்து கடிக்கச் சொன்னால் அது பிடிபட வேண்டும். கிரவுன் வைத்ததும் அந்தத் தாள் வழுக்கி வந்தால் கிரவுன் உயர்ந்திருக்கிறது. மெல்லிய லித்தியம் டைசிலிகேட் துண்டை ஒட்டாமல் வைத்து "நன்றாகக் கடியுங்கள்" என்பது ஆபத்து, பசையின் தாங்கல் இல்லாமல் விரிந்துவிடும். அதற்கு ஒட்டியபின்தான் கடி பார்க்க வேண்டும்.

ஒட்டுவதில்தான் பொருளுக்குப் பொருள் முறை மாறுகிறது, தவறும் இங்கேதான் அதிகம். லித்தியம் டைசிலிகேட்டில் கண்ணாடிப் பகுதி உண்டு. 5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை 20 விநாடி வைத்தால் அது அரித்து, பரப்பு பனி படர்ந்ததுபோல் வெளுக்கும். அதிக நேரம் வைத்தால் பீங்கானே பலவீனமாகும். கழுவி உலர்த்தி, பீங்கானையும் பசையையும் பிணைக்கும் சைலேன் தடவி 60 விநாடி விட்டு, ரெசின் பசை. இந்த அமிலம் தோலில் பட்டால் ஆழமாக எரிக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. ஜிர்கோனியாவில் கண்ணாடி இல்லை, அமிலம் வைத்தாலும் ஒன்றும் நடக்காது. அங்கே 50 மைக்ரான் அலுமினாத் தூளை 1 முதல் 2 பார் அழுத்தத்தில் ஊதி, ஜிர்கோனியாவோடு வேதியியலாகப் பிணையும் எம்டிபி கலந்த பிரைமரை (பசைக்கு முன் தடவும் திரவத்தை) தடவ வேண்டும்.

பொருத்திப் பார்க்கையில் எச்சில் பட்டிருக்கும். எச்சிலில் இருக்கும் பாஸ்பேட், எம்டிபி பிடிக்க வேண்டிய அதே இடங்களை ஜிர்கோனியாவில் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் கழுவினால் போகாது. பாஸ்பாரிக் அமிலத்தால் சுத்தம் செய்கிறேன் என்று போனால் பாஸ்பேட்டை மேலும் சேர்த்த கதையாகிவிடும். மறுபடி தூள் ஊத வேண்டும், அல்லது அதற்கென்றே உள்ள துப்புரவுத் திரவம் தடவ வேண்டும். கழன்ற ஜிர்கோனியா கிரவுன்களைக் கையில் எடுத்தால் பல நேரம் பசை முழுக்கப் பல்லின் மேலேயே நிற்கும், கிரவுனின் உட்புறம் கழுவித் துடைத்ததுபோல் இருக்கும். எங்கே விட்டது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

பிதுங்கி வரும் பசையை எடுப்பதற்கும் ஒரு நேரம் உண்டு. விளக்கை இரண்டு மூன்று விநாடி மட்டும் காட்டினால் பசை பாதி இறுகி ஜவ்வாகும். விரல் கிரவுனை அழுத்திப் பிடித்தபடியே இருக்க, ஒரு துண்டாக உரித்தெடுக்கலாம். ஃபிளாஸை இரண்டு பல்லுக்கும் நடுவே இறக்கி, மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவ வேண்டும். பிறகுதான் ஒவ்வொரு பக்கமும் 20 விநாடி முழு வெளிச்சம். முதலிலேயே முழுசாகக் காட்டிவிட்டால் பசை கல்லாகி, ஈறுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு, வருடக்கணக்கில் ரத்தம் வரவைக்கும்.

ஒட்டியபின் தேய்த்த இடத்தை ரப்பர் வட்டால் படிப்படியாக மெருகேற்றியே தீர வேண்டும். நன்றாக மெருகேற்றிய ஜிர்கோனியா எதிர்ப்பல்லை அதிகம் தேய்க்காது. சொரசொரப்பாக விட்டது எனாமலை அரைத்துத் தள்ளும். மரத்துப்போன வாயோடு வீட்டுக்குப் போய், மறுநாள் கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் முட்டினால், பழகிவிடும் என்று பொறுக்காமல் திரும்பிப் போக வேண்டும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் இரவுக் கவசம் போடாமல் எந்தப் பீங்கானையும் நம்பக் கூடாது. நண்டு ஓட்டைப் பல்லால் உடைப்பதற்கும் இது பொருந்தும். உடைக்கும் கருவியைத்தான் உணவகத்திலேயே தருகிறார்களே.

செலவு விஷயத்தில், சிங்கப்பூர் அரசின் சாஸ் (CHAS) என்ற மருத்துவ உதவித் திட்டத்தில் நீல, ஆரஞ்சு அட்டை வைத்திருப்பவர்களுக்கும் முன்னோடி, மெர்டேக்கா தலைமுறை மூத்தோருக்கும் நிரந்தரக் கிரவுனுக்கு உதவித்தொகை உண்டு, திட்டத்தில் சேர்ந்த மருந்தகங்களில் முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம். ஜோகூருக்குப் போவதில் தவறில்லை. ஆனால் செதுக்க ஒன்று, ஒட்ட ஒன்று, கடி சரிபார்க்க ஒன்று என்று மூன்று பயணத்துக்கு நேரம் வைத்துக்கொண்டு போக வேண்டும். எங்கே போட்டாலும் ஒரு தாள் கேட்டு வாங்குங்கள். அதில் பொருளின் பெயரும் வகையும், ஷேட், ஒட்டிய பசை, தேதி இருக்கட்டும். நாளைக்கு அந்தக் கிரவுனில் சில்லு பெயர்ந்தாலோ, அதன் வழியே துளையிட்டு வேர்சிகிச்சை செய்ய வேண்டி வந்தாலோ, வேறொரு மருத்துவர் வெளியிலிருந்து பார்த்து அது ஜிர்கோனியாவா லித்தியமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அமிலம் வைத்து ஒட்டுப்போடுவதா, தூள் ஊதி ஒட்டுப்போடுவதா, எந்த வைர முனையை எடுப்பது என்பதெல்லாம் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவாகும்.